7,200 ரூபாவை ஏன் விடணும்?



2024/25 வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30க்கு முன்னமே அனுப்பிட்டேன். பிறகுதான் பிழை கண்ணில் பட்டது. மேல்வீட்டு வாடகை மாதம் 40,000, வருஷத்துக்கு 480,000. அதில் 25 வீதத்தை வாடகை நிவாரணமாகக் கழிக்கலாம். நான் கழிக்கவில்லை. அந்த 120,000க்கு 6 வீதப்படி 7,200 ரூபா கூடக் கட்டியிருக்கிறேன்.

திருத்தப் போறேன் என்றதும் ஊரில் கிடைத்த புத்திமதி: "விடுங்க சேர், ஃபைலைக் கிளறுவாங்க. ஸதகா என்று நெனச்சுக்கோங்க."

ஸதகா நிய்யத்தோடு கொடுப்பது. கவனயீனத்தால் கைவிட்டதற்கு அந்தப் பெயர் வைக்காதீங்க.

கிளறட்டுமே! வாடகை ஒப்பந்தம் இருக்கு, மாதா மாதம் வங்கியில் விழுந்த சல்லிக்குக் கணக்கு இருக்கு. பிறகென்ன பயம்?

கூட்டல் பிழையால் புள்ளி குறைந்த பிள்ளை விடைத்தாளோடு வந்தால் "விடு மகன்" என்றா சொல்றோம்? புள்ளி கூடிப்போன பிள்ளையும் வரணும் என்றுதானே படிப்பிக்கிறோம். ஒரு மாத வாடகையைக் காட்ட மறந்திருந்தாலும் இப்படித்தான் திருத்தியிருப்பேன்.

இந்தப் பயம் என்னோடு நின்றால் பரவாயில்லை. 2025 ஏப்ரலிலிருந்து வங்கி வைப்பின் வருமானத்தில் 10 வீதம் வரி பிடிக்கிறாங்க. வருஷ வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவங்க டின் இலக்கத்தோடு சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்க மாட்டாங்க. ஆனால் "வரி என்றாலே வம்பு" என்று அந்தப் படிவத்தைத் தொடாமல், மருந்துச் சல்லியில் பத்திலொன்றை விடுற உம்மாமார் எங்கட ஊரில் இல்லையா?

நான் திருத்துறேன். படிவம் நிரப்பத் தெரியாதவங்க அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாங்க.