நிலைக்கும் சுவருக்கும் நடுவே

வீடு கட்டுவோர் நல்ல நாள் பார்த்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி வாசல்நிலை வைப்பர். உள்ளறை நிலைகளுக்கோ அந்த ஒருநாள் மதிப்புக்கூடக் கிடைப்பதில்லை. நிலைக்கும் சுவருக்கும் இடையே மெல்லிய பிளவு தோன்றும். வீட்டார் கண்டும் காணாதவராய் ஆண்டுகளைக் கழிப்பர். யானும் அவ்வினத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என் தாயாரின் அறைநிலையோரம் அத்தகைய பிளவொன்று இருந்தது. இருமுறை சீமெந்து குழைத்து அப்பினேன். இருமுறையும் ஆண்டொன்று கழியுமுன் அது வெடித்து உதிர்ந்தது. அக்காலத்தில் தாயார், “தம்பி, ராத்திரியில நிலைக்குள்ளே டிக், டிக்கெண்டு ஒரு சத்தம் கேக்குது” என்று சொல்வதுண்டு. முதுமையில் காதிலெழும் ஒலியென எண்ணி வாளாவிருந்தேன்.

ஓரிரவு அப்பிளவிலிருந்து மட்டத்தேள் ஒன்று வெளிப்பட்டு, தாயாரின் கட்டிலை நோக்கி ஊர்ந்தது. மகள் கண்டு கூவியதால் தீங்கு நேரவில்லை. மறுநாள் ஓடாவியார் வந்தார். நிலையின் அடியில் திருகாணிச் சாவியை வைத்து அழுத்தினார். அது மரத்தினுள் இலகுவாய் இறங்கியது.

“மாஸ்ரர், சீமெந்து பூசமுன்னம் உள்ளே பாத்தனீங்களோ?”

என்னிடம் விடையில்லை. முன்புறம் வர்ணம் மின்னிக்கொண்டிருக்க, சுவரை நோக்கிய பின்புறத்தை ஒரு சாண் உயரத்துக்குக் கறையான் அரித்திருந்தது. ஆபத்தை உணர்ந்த கறையான் காவலர்கள் தம் தலையை மரத்தில் மோதி ஒலியெழுப்பி இனத்தாரை எச்சரிப்பதுண்டு. தாயார் கேட்டது பெரும்பாலும் அவ்வொலியே.

“மரம் ஏறி இறங்கும், சீமெந்து அப்பிடியே நிக்கும். பிறகு வெடிக்காமல் என்ன செய்யும்?” என்றார் ஓடாவியார். அவர் கூறியது முற்றிலும் அறிவியலே. மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், உலர்ந்து சுருங்கும். பச்சை மரம் முற்றாக உலரும்போது நீளவாக்கில் நூற்றுக்கு 0.1 முதல் 0.2 வரையே குறையும். குறுக்குவாக்கிலோ, ஆண்டு வளையங்களின் போக்கில், பல மரங்கள் நூற்றுக்கு 5 முதல் 10 வரை சுருங்கும். உலர்ந்த மரமும் மாரியில் சிறிது பருத்துக் கோடையில் மீண்டும் சுருங்கும். கதவை அறைந்து சாத்துந்தோறும் நிலை அதிர்வதும் உண்டு. ஆதலின் அவ்விடத்தில் இறுகிய பொருள் நெடுநாள் நில்லாது.

அடைக்கும் முறை வருமாறு. முதலில் விளக்கொன்றைப் பிடித்து, பிளவினுள் கறையானின் மண்குழாய் உளதா எனப் பாருங்கள். நிலையின் அடியைக் கூரிய கருவியால் அழுத்திப் பாருங்கள். கறையான் இருப்பின் பூச்சு வேலையை நிறுத்துக. அதன் புற்று பெரும்பாலும் மண்ணுள் இருப்பதால், குழாயை மட்டும் சுரண்டுதல் போதாது. மண்ணுக்கு மருந்திடுவோரை அழைத்தல் வேண்டும்.

பழுதில்லையாயின், தளர்ந்த பூச்சைச் சுரண்டித் தூசியைத் துடையுங்கள். மரம் சுருங்கிப் பிளவு விரிந்திருக்கும் வறண்ட காலமே இதற்கு ஏற்றது. ஹாட்வெயார் கடைகளில் குழாயில் விற்கப்படும் அக்ரிலிக் சீலன்ற் உள்ளறைக்குப் போதும். அதன்மேல் வர்ணம் பூசலாம். சாதாரண சிலிக்கனில் வர்ணம் ஒட்டாது. இருபுறமும் ஒட்டுநாடா இட்டு, பசையைச் செலுத்தி, ஈரவிரலால் ஒருமுறை தடவி, உலருமுன் நாடாவை உரித்துவிடுக. ஒருநாள் உலர்ந்தபின் வர்ணம் பூசலாம்.

பிளவு ஆழமாயின் முதலில் நுரைக்கயிற்றைத் திணித்து, மேலே மட்டும் பசையிடுக. மாணவர்கள் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். இறப்பர் நாடாவின் இருமுனையையும் பிடித்து இழுத்தால் நீளும். அதன் முதுகையும் பலகையில் ஒட்டிவிட்டால் நீள இடமின்றி அறும். பசையும் மரத்தையும் சுவரையும் மட்டுமே பற்றவேண்டும், பின்புறத்தைப் பற்றலாகாது. விரல் நுழையுமளவு இடைவெளியைச் சாந்தால் நிரப்பி, பீடிங் எனப்படும் மரச்சட்டத்தால் மூடுவது நன்று. சட்டத்தை நிலையில் மட்டும் ஆணியடித்தால் அது நிலையோடு சேர்ந்து அசையும். ஊதிப்பெருகும் நுரையை மிகையாகச் செலுத்துவோர் கவனிக்க: அது நிலையையே வளைத்துக் கதவை இறுக்கிவிடும்.

நிலையின் மேல்மூலையிலிருந்து சுவரில் சரிவாக ஓடும் வெடிப்பு வேறு வகையது. அதன் முனையில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவையுங்கள். சில மாதங்களில் அது கோட்டைக் கடந்து நீண்டாலோ விரிந்தாலோ கட்டட வல்லுநரிடம் காட்டுதல் வேண்டும்.

எங்கள் வீட்டில் மண்ணுக்கு மருந்திட்டபின், அரித்த பகுதியை வெட்டி நீக்கி, ஓடாவியார் புதுமரம் பொருத்தினார். மறு கோடையில் பிளவை அடைத்தேன். இரு மாரிகள் கடந்தும் வெடிப்பில்லை. வேலை முடிந்த அன்றிரவு தாயாரின் கட்டிலருகே அமர்ந்து, “இப்போது சத்தம் கேட்கிறதா, அம்மா?” என்று வினவினேன்.

“இல்லைத் தம்பி” என்றார். சற்றுப் பொறுத்து, “நீ கேட்டதே காணும்” என்றார்.