இன்ஜினுக்கு வயசாயிடுச்சா?

"இனிமே எல்லாம் பேட்டரி வண்டிதான், டீசல் இன்ஜினைப் படிச்சு என்னடா பண்ணப் போறே?" என்று ஊரில் கேட்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் அப்பாவின் முகம் வாடுகிறது.

நண்பர்களே! குற்றவாளி இன்ஜின் அல்ல, எரிபொருள்தான். 2021-ல் டொயோட்டா, ஹைட்ரஜனை எரிக்கும் இன்ஜின் காரை ஜப்பானில் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டியது. 2023-ல் அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் ஹைட்ரஜன் இன்ஜின் லாரியை அறிமுகப்படுத்தின.

ஹைட்ரஜனில் கார்பன் இல்லை. ஆனாலும் எரியும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் நச்சு ஆக்ஸைடாகிறது. இயற்கை வாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தாலோ, கார்பன் அங்கேயே வெளியேறிவிடுகிறது. இதையெல்லாம் சரிசெய்ய ஆள் வேண்டாமா?

ஸ்கூட்டரிலும் காரிலும் மோட்டார் ஜெயிக்கட்டும். கனரக லாரிக்கும் கப்பலுக்கும் இன்ஜின் இன்னும் தேவை. ஆகவே பிஸ்டனோடு மோட்டாரையும் சொல்லித்தரக் கேட்போம், இரண்டையும் கற்போம்!