மே 1 கிராமசபைக்கு ஒரு கூட்டப் பொருள்

திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

திண்டுக்கல் சமவெளியில் பெரும்பாலான தொழில்களில் வருமானம் மாதக் கணக்கில் வருவதில்லை. நாகல் நகரிலும் சுற்றுப்பட்டிலும் பூட்டுத் தொழிலை விடாமல் வைத்திருப்பவருக்கு எண்ணிக்கைக்குக் கூலி. சின்னாளபட்டி நெசவாளிக்குச் சேலைக் கணக்கு. நிலக்கோட்டை மல்லி மார்கழிப் பனியில் பூப்பது குறைந்து விலை ஏறும். வெயில் காலத்தில் பூ குவிந்து விலை இறங்கும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுவருபவருக்கு அன்றைய விலைதான் வருமானம். சம்பளத்தில் மாதாமாதம் இத்தனை விழுக்காட்டை ஒதுக்க வேண்டும் என்று நிதி ஆலோசகர்கள் சொல்லும் பாடம் இந்த வீடுகளுக்கு அப்படியே பொருந்தாது. கையில் பணம் புரளும் வாரங்களில் எடுத்துவைத்து, புரளாத மாதங்களைக் கடக்கும் ஏற்பாடுதான் இங்கே வேண்டியது.

அந்த ஏற்பாட்டை இந்த மக்கள் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். ஏலச்சீட்டு, தீபாவளிப் பலகாரச் சீட்டு, நகைக்கடைச் சீட்டு, மொய், மகளிர் குழுச் சேமிப்பு எல்லாம் சிக்கனத்தின் வேலைதான். ஏழை வீடுகளுக்குச் சேமிக்கத் தெரியாது என்ற பேச்சு தவறு. குறை வேறிடத்தில் இருக்கிறது. மொய் விசேஷத்துக்குத் திரும்பி வரும், ஆஸ்பத்திரிக்கு வராது. சீட்டை எடுத்தபின் தவணை நின்றால் ஜாமீன் போட்டவர் கழுத்தில் விழும். நகையை அடகு வைத்தால் ஒரு மணி நேரத்தில் பணமாகும் என்பது பெரிய பலம். ஆனால் வட்டி கட்டும் ஆளே படுத்துவிட்டால் அது ஏலத்துக்குப் போகும். சம்பாதிப்பவர் நன்றாக இருக்கும் வரைதான் இந்த வழிகள் எல்லாம் ஓடும். அவரே இல்லாமல் போகும் நாளுக்கு இவற்றில் எதுவும் போதாது.

அப்படி ஒரு நாளில் குடும்பம் வட்டிக்காரரிடம் போகிறது. அஞ்சு வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கினால் மாதம் 2,500 ரூபாய் வட்டி. ஓர் ஆண்டில் 30,000 ரூபாய் கட்டிய பிறகும் அசல் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாடு 2003-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்கிரையானது அந்தச் சட்டம் இருக்கும்போதே நடந்தது. கடன் வாங்கிய பின் காப்பாற்ற வருகிற சட்டத்தைவிட, கடன் வாங்கத் தேவையில்லாமல் செய்யும் முன்னேற்பாடே வலியது.

முன்னேற்பாட்டின் முதல் படி மலிவானது. 2015 மே மாதம் தொடங்கிய இரண்டு மத்திய அரசுக் காப்பீடுகள் எல்லா வங்கிகளிலும் அஞ்சலகங்களிலும் உள்ளன. பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டினால், எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். புதிதாகச் சேர்பவருக்கு முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு. சுரக்ஷா திட்டத்தில் 70 வயது வரை சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 456 ரூபாய், அதாவது மாதம் 38 ரூபாய். 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெறும் பெண்ணுக்கு இது எட்டாத தொகை அல்ல. மாதம் 15,000 ரூபாயில் ஓடும் வீட்டுக்கு 2 லட்சம் என்பது ஓர் ஆண்டுக்கு மேல் தாங்கும். பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாமல் அடுத்த வழி தேட அந்த அவகாசம் போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதுதான் இந்த மடலுக்கே காரணம். இந்தக் காப்பீட்டின் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. மே கடைசி வாரத்தில் வங்கி தானாகவே கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும். அந்த வாரத்தில் கணக்கில் 456 ரூபாய் இல்லாவிட்டால் பாதுகாப்பு நின்றுபோகும். பல ஆண்டு ஒழுங்காகக் கட்டியவரும் அந்த ஒரு வாரத்தில் வெளியே விழுந்துவிடலாம். வீட்டாருக்கு அது துக்க நாளில்தான் தெரியவரும்.

நோய்க்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்திலேயே பதிந்து அட்டை வாங்கலாம். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவதைவிட இப்போதே வாங்கி வைப்பது நல்லது. அட்டை இருந்தாலும், நோயாளியோடு மதுரைக்குப் போய்க் காத்துக் கிடப்பவரின் கூலி இழப்பு, பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவை அது தராது. அதற்காகவே மூன்று மாதச் செலவுப் பணம் அஞ்சலகச் சேமிப்பிலோ வங்கி ஆர்.டி.யிலோ தனியாக இருக்க வேண்டும்.

பணம் இருந்தும் கைக்கு வராமல் போவது இன்னொரு துயரம். கணக்கில் வாரிசு நியமனம் இல்லையென்றால், கணவனை இழந்த பெண் இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று அலைய வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் பி.எஃப். பிடித்தம் உள்ள தொழிலாளி பணியில் இருக்கும்போது இறந்தால், அதோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை குடும்பத்துக்கு வரும். தொழிலாளி அதற்குத் தனியாக எதுவும் கட்டுவதில்லை. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு மறந்துபோன பெண்கள் நியமனத்தைப் புதுப்பித்தாக வேண்டும். எந்தக் கணக்கு எங்கே, எந்த நகை எந்த அடகில், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று மொய் நோட்டைப் போலவே ஒரு நோட்டு வீட்டில் இருப்பதும், அது மனைவிக்குத் தெரிந்திருப்பதும் அதே அளவு முக்கியம்.

முதுமைக்கு அடல் ஓய்வூதியம் உண்டு. 60 வயதுக்குப் பின் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால் 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். விலைவாசி ஏறும்போது அந்த 5,000 இன்றைய மதிப்பில் நிற்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நெசவாளர், தோல் பதனிடுபவர், கட்டடத் தொழிலாளர் ஆகியோருக்கு மாநில நல வாரியங்கள் இருக்கின்றன. பதிவு மட்டும் நடக்க வேண்டும்.

சேமித்ததை இழக்காமல் இருப்பதும் திட்டமிடலில் சேர்ந்ததே. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டு நடத்துபவர் பதிவாளரிடம் பதிந்து, ஈடும் கட்டியிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத சீட்டில் சேர்பவருக்குப் பிடிமானம் இல்லை. 2012-இல் பெருந்துறை ஈமு கோழி முதலீடுகள் சரிந்தபோது, ஊரெல்லாம் போட்டிருக்கிறார்கள் என்பது காப்பு ஆகாது என்று தெரிந்தது. முதலீட்டாளர் நலன் காக்க 1997-லிருந்தே மாநிலச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் சொத்தை முடக்கி ஏலம்விட்டுப் பணம் கைக்கு வர வருடங்கள் ஓடுகின்றன.

இவற்றைச் செயலுக்குக் கொண்டுவரப் புதிய நிதி எதுவும் தேவையில்லை. மே 1 கிராமசபை, காப்பீட்டுத் தொகை பிடிக்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே கூடுகிறது. அதில் காப்பீட்டுப் புதுப்பித்தலும் வாரிசு நியமனமும் கூட்டப் பொருளாக வரட்டும். வங்கி ஊழியர் ஒருவர் படிவங்களோடு உட்காரட்டும். மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைகளும், மில்களில் ஷிப்ட் மாறும் நேரமும் இதற்குப் பயன்படட்டும். பதிவு பெற்ற சீட்டு நிறுவனங்களின் பட்டியல் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டப்படட்டும். எத்தனை கணக்கில் வாரிசு நியமனம் இல்லை, எத்தனை பேரின் காப்பீடு மே மாதத்தில் அறுந்தது என்ற கணக்கை, ஆட்சியர் தலைமையில் கூடும் வங்கியாளர் கூட்டத்தில் கிளை வாரியாகக் கேட்டு வாங்கி, வரும் மே மாதத்துக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.