இகாமா வரும்வரை ஜனாஸா காத்திருக்குமா?

சவூதிக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. இகாமா இன்னும் கைக்கு வரவில்லை. ஊரில் வாப்பா மவுத்தாகிவிட்டார் என்று செய்தி வருகிறது. மகன் என்ன செய்ய வேண்டும்?

இன்றைய நடைமுறையில் அவனுக்கு இரண்டே வழிகள். ஒன்று, அறையில் அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். மற்றொன்று, முதலாளி மனது வைத்தால் ஃபைனல் எக்ஸிட்டில் ஊருக்குப் போகலாம். கடன் வாங்கிப் பெற்ற விசா அத்தோடு முடிந்தது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வேலைக்கு வருவது என்ற மூன்றாவது வழி அவனுக்கு இல்லை.

"எல்லாம் விதி" என்று பெருமூச்சு விடுகிறோம். மரணம் இறைவனின் விதி. அதை மறுக்க யாராலும் முடியாது. ஆனால், மகனை ஜனாஸாவுக்குப் போகவிடாமல் தடுப்பது இறைவன் விதித்ததா? அது மனிதர்கள் போட்ட சட்டம். மனிதர்கள் செய்யும் தாமதம். மனிதர்கள் செய்ததை மனிதர்கள் மாற்றத்தான் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலை விசாவில் சவூதிக்குள் நுழைந்தவருக்கு 90 நாட்களுக்குள் இகாமா எடுத்துக் கொடுப்பது முதலாளியின் கடமை. மருத்துவப் பரிசோதனை, மருத்துவக் காப்பீடு, வேலை அனுமதி, இகாமா கட்டணம் என்ற படிகள் முடிந்தால்தான் இகாமா வரும். இகாமா, வேலை அனுமதி, அவற்றைப் புதுப்பித்தல், தாமதத்துக்கான அபராதம், எக்ஸிட் ரீ-என்ட்ரி ஆகிய எல்லாச் செலவுகளும் முதலாளியையே சேரும் என்று 2005ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 40ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது.

செல்லுபடியாகும் இகாமா இல்லாதவருக்கு எக்ஸிட் ரீ-என்ட்ரி கிடையாது. சோதனைக் காலத்தில் இருப்பவரை ஃபைனல் எக்ஸிட்டில் அனுப்பிவிட மட்டும் முதலாளிக்கு வழி இருக்கிறது. அப்படிப் போனவர் திரும்ப வேண்டுமானால் புது விசா, புது மருத்துவச் சான்று, மீண்டும் ஏஜெண்ட், மீண்டும் கடன்!

2021 மார்ச் 14 முதல், முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே தொழிலாளி தானே எக்ஸிட் ரீ-என்ட்ரி எடுக்கலாம் என்று சவூதி அரசு சட்டத்தைத் தளர்த்தியது. வரவேற்கிறோம். ஆனால், அதில் வீட்டுப் பணியாளர்களும் வீட்டு ஓட்டுநர்களும் தோட்டக்காரர்களும் ஆடு மேய்ப்பவர்களும் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டவர்களிலும் இகாமா இன்னும் வராதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கதவைத் திறந்து வைத்தார்கள். சாவியை முதலாளியின் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டார்கள்.

தாமதம் எங்கே நடக்கிறது?

அட்டை அச்சாக நாளாகிறது என்று சொல்ல முடியுமா? 2021லேயே கைபேசித் திரையில் காட்டும் டிஜிட்டல் இகாமா சவூதியில் வந்துவிட்டது. பிளாஸ்டிக் அட்டைக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு ஏன் வாரக் கணக்கில் இழுக்கிறது?

பணம்தான் காரணம். வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு நிறுவனம் செலுத்த வேண்டிய மாதாந்திர வரி 2018ல் 300 அல்லது 400 ரியாலாக இருந்தது. 2020ல் அது 700 அல்லது 800 ரியாலானது. தொழிற்சாலைகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் 800 ரியால் வீதம் ஓராண்டுக்குக் கணக்குப் போட்டால் 9,600 ரியால்! அதற்கு மேல் இகாமா கட்டணம் தனி. இந்தப் பணத்தைக் கட்டாமல் எத்தனை நாள் தள்ளலாம், இந்த ஆள் நிலைப்பானா, ஓடிவிடுவானா என்று முதலாளி நோட்டம் பார்க்கிறார். அந்த நோட்டத்தின் விலையை யார் கொடுப்பது? தொழிலாளி!

தாமதத்துக்கு முதலாளிக்கு உள்ள தண்டனை சில நூறு ரியால் அபராதம். அந்தத் தாமதத்தால் தொழிலாளி இழப்பது, பெற்றவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பு. இது என்ன தராசு?

பாதுகாப்பு என்ற சாக்கு

"யார் என்று உறுதியாகாத ஆளை நாட்டை விட்டு விட்டுத் திரும்ப எப்படி அனுமதிப்பது?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் விமான நிலையத்தை நினைத்துப் பார்க்கட்டும். வந்து இறங்கிய அன்றே அவனுடைய கைரேகை பதிவாகிறது. எல்லை எண் ஒன்று கொடுக்கப்படுகிறது. பாஸ்போர்ட், விசா, மருத்துவச் சான்று எல்லாம் அரசின் கணினியில் இருக்கின்றன. அவன் யார் என்பது அரசுக்கு முதல் நாளே தெரியும். தெரியாமல் இருப்பது ஒன்றே ஒன்று: முதலாளி எப்போது பணம் கட்டுவார் என்பது!

எல்லை எண்ணின் பேரில் ஒரே ஒரு முறை, பெற்றோர், மனைவி, பிள்ளைகள் மரணத்துக்கு மட்டும், 15 நாட்களுக்கு ரீ-என்ட்ரி கொடுத்தால் எந்த நாட்டின் பாதுகாப்பு சரிந்துவிடும்?

அரசு நினைத்தால் முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2016 ஜூலையில், சவூதியில் உணவின்றித் தவிக்கும் இந்தியர்கள் 10,000க்கும் அதிகம் என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அறிவித்தார். சவூதி ஓஜர் போன்ற நிறுவனங்கள் மாதக் கணக்கில் சம்பளம் தரவில்லை, இகாமாவையும் புதுப்பிக்கவில்லை. ஊருக்குப் போகவும் வழியின்றித் தொழிலாளர்கள் முகாம்களில் முடங்கிக் கிடந்தார்கள். இணையமைச்சர் வி.கே.சிங் ஜித்தாவுக்குப் பறந்தார். பிறகு, முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலேயே எக்ஸிட் கொடுக்க சவூதி அரசு முன்வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாகத் தவித்தபோது திறந்த கதவு, தனி மனிதன் தட்டும்போது ஏன் திறக்கக் கூடாது?

நம் முதுகையும் பார்ப்போம்

அரபி முதலாளியை மட்டும் ஏசிவிட்டுப் போனால் அது பாதி உண்மைதான். "ஃப்ரீ விசா" என்ற பெயரில் விசா விற்பவர்கள் யார்? பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள், நம் சொந்தக்காரர்கள்! ஃப்ரீ விசா என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. பெயரளவில் ஒரு கஃபீல், வேலை வேறு இடத்தில். இகாமா கட்டணத்தையும் தொழிலாளியே கட்ட வேண்டும். பணம் சேரும்வரை இகாமா இல்லை. இடையில் கஃபீல் "ஹுரூப்" என்று புகார் கொடுத்துவிட்டால் அவன் சட்டத்தின் முன் ஓடிப் போனவன்.

இந்தியாவில் உரிமம் பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சங்களை வாங்குபவரும் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிறார். அவரை ஜமாஅத் கேள்வி கேட்டதுண்டா?

செய்ய வேண்டியவை

இந்திய அரசு சவூதியோடு வீட்டுப் பணியாளர்களுக்காக 2014லும் பொதுத் தொழிலாளர்களுக்காக 2016லும் ஒப்பந்தங்கள் செய்திருக்கிறது. இகாமா வருவதற்கு முன் நேரும் மரணத்துக்கு அவசர ரீ-என்ட்ரி வேண்டும் என்பதை அந்த ஒப்பந்தங்களின் கீழ் பேசி வாங்க வேண்டும். டிக்கெட்டுக்கு வழியில்லாதவருக்கு, 2009ல் தொடங்கிய இந்திய சமுதாய நல நிதியிலிருந்து தூதரகம் உதவ வேண்டும். அந்த நிதி யாருடைய பணம்? தூதரக சேவைகளுக்கு இதே தொழிலாளர்கள் கட்டும் கட்டணத்தில் சேர்ந்த பணம்!

நம் எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். தேர்தல் நேரத்தில் வளைகுடா வாழ் குடும்பங்களின் வாசலுக்கு வருபவர்களிடம் நாமும் இதைக் கேட்க வேண்டும்.

புதிதாகப் போகும் சகோதரர்களே! வந்து இறங்கிய நாளைக் குறித்து வையுங்கள். மருத்துவப் பரிசோதனை எப்போது, இகாமா எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே சவூதி அமைச்சரவை முடிவெடுத்திருக்கிறது என்பதை அறிந்திருங்கள். ஊருக்குப் போகும் அவசரம் வந்தால், தரப்படுவது ரீ-என்ட்ரியா, ஃபைனல் எக்ஸிட்டா என்று விமானம் ஏறும் முன் உறுதி செய்யுங்கள். "நீ போ, நான் வேறு விசா அனுப்புகிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் போய் ஊரில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

மய்யித்தைத் தாமதிக்காமல் அடக்கம் செய்வது நம் வழக்கம். மகன் வரட்டும் என்று சில மணி நேரம் காத்திருப்பார்கள். 90 நாள் காத்திருக்க மாட்டார்கள். இதைப் புரிந்து கொள்ள, ஹரமைனைத் தன்னிடம் வைத்திருக்கும் ஓர் அரசுக்கு நாம் விளக்கவுரை எழுத வேண்டுமா?