தலைசுற்றலும் கணக்கில் வரட்டும்

மெய்நிகர் (விஆர்) சிகிச்சை இனி கண்காட்சிப் பொருள் அல்ல. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மருத்துவரின் பரிந்துரைப்படி வீட்டிலேயே பயன்படுத்தும் ‘ஈஸ்விஆர்எக்ஸ்’ கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 நவம்பரில் அனுமதி வழங்கியது. 179 பேர் பங்கேற்ற ஆய்வில், 8 வாரச் சிகிச்சைக்குப் பிறகு கருவியைப் பயன்படுத்தியவர்களில் 66 சதவீதத்தினருக்கு வலி 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 41 சதவீதத்தினருக்கே அப்படிக் குறைந்தது.

அந்த அனுமதி அறிவிப்பிலேயே வேறு இரண்டு எண்களும் இருந்தன. ஹெட்செட் அணிவதே தொந்தரவாக இருந்ததாக 20.8 சதவீதத்தினரும், வாகனப் பயணத்தில் வருவது போன்ற தலைசுற்றலும் குமட்டலும் வந்ததாக 9.7 சதவீதத்தினரும் கூறியிருந்தார்கள். பலனையும் தொல்லையையும் சேர்த்துச் சொல்லும் இந்த நேர்மை எல்லா விஆர் சிகிச்சைகளுக்கும் கட்டாயமாக வேண்டும்.

இத்தகைய தொல்லைகளை அளக்க இன்று பரவலாகப் பயன்படும் அளவுகோல்கள் நோயாளிகளை மனத்தில் வைத்து உருவானவை அல்ல. ஆய்வாளர் கென்னடியின் குழுவினர் 1993இல் வெளியிட்ட 16 அறிகுறிகள் கொண்ட வினாப்பட்டியல், விமானிகளின் பயிற்சிக் கருவிகளில் திரட்டிய தரவிலிருந்து பிறந்தது. விமானி திடமான உடலோடு கருவிக்குள் போகிறார். கீமோதெரபி எடுப்பவரோ ஏற்கெனவே குமட்டலோடு வருகிறார். விஆர் சிகிச்சை முடிந்தபின் மட்டும் கேட்டால், குமட்டல் மருந்தால் வந்ததா, கருவியால் வந்ததா என்று தெரியாது. ஆகவே முன்பும் கேட்க வேண்டும், பின்பும் கேட்க வேண்டும்.

கேட்டால் கருவியே மாறும் என்பதற்கு, தீக்காய நோயாளிகளுக்காக அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸ்னோவேர்ல்ட்’ என்ற விஆர் சிகிச்சை சாட்சி. முகத்திலும் தலையிலும் புண் உள்ளவர்களால் ஹெட்செட் அணிய முடியாது. அதனால், தலையில் மாட்டாமல் கண்ணெதிரே தாங்கிப் பிடிக்கும் இயந்திரக் கை பொருத்தப்பட்டது. தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது பயன்படுத்த, மின்சார ஆபத்து இல்லாத ஒளியிழைக் கருவியும் வந்தது.

வலி குறையும்போது லேசான தலைசுற்றல் பெரிய விஷயமா, இத்தனை கேள்விகள் புதுமையை முடக்காதா என்று சிலர் கேட்கலாம். மாத்திரைப் பெட்டிக்குள் பக்கவிளைவுச் சீட்டு வைப்பதால் மருந்து ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. தொந்தரவு தாங்காமல் நோயாளி கழற்றி வைத்த கருவி யார் வலியையும் குறைக்காது.

விஆர் சிகிச்சை ஆய்வுக்காக நிபுணர் குழு ஒன்று 2019இல் முன்வைத்த மூன்று கட்ட நெறி, கருவியை நோயாளிகளோடு சேர்ந்து வடிவமைப்பதையும், அதை அவர்கள் ஏற்கிறார்களா, தாங்குகிறார்களா என்று சோதிப்பதையும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுக்கு முன்பாகவே வைக்கிறது. இந்த வரிசையை அனுமதி தரும் அமைப்புகள் நிபந்தனையாக்க வேண்டும். பாதியில் விலகியவர்களின் எண்ணிக்கையும் காரணமும் வெளியாக வேண்டும். கருவியை மாட்டிவிட்டு, துடைத்து, அடுத்தவருக்குத் தயார்செய்யும் செவிலியரின் கருத்தும் பதிவாக வேண்டும். விற்கும் நிறுவனமே மதிப்பீடு செய்யும் வழக்கத்தை மருத்துவமனைகள் ஏற்கக் கூடாது. இந்த நிபந்தனைகளை நிறைவேற்றாத கருவிக்கு மருத்துவமனைப் பணத்தில் ஒரு ரூபாயும் செலவிடக் கூடாது.