கோப்பைக்கு முன் தலைக்கவசம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசாத் மைதானத்தையோ ஓவல் மைதானத்தையோ குறுக்கே கடந்து செல்லும் நமது மும்பை வாசகர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கக் கூடும். விக்கெட் விழுகிறது. ஆட்டமிழந்தவர் திரும்பி வருகிறார். எதிரே ஆடச் செல்லும் இளைஞர் அவரை வழியில் நிறுத்தி, அவர் தலையிலிருக்கும் கவசத்தை வாங்கித் தம் தலையில் மாட்டிக் கொள்கிறார். முந்தியவர் தலை பெரியது. இவர் தலை சிறியது. தாடைப் பட்டை அறுந்து எத்தனை நாளாயிற்றோ தெரியாது. முகத்துக்கு முன்னுள்ள கம்பி ஒரு பக்கம் வளைந்திருக்கிறது. அதை அணிந்து கொண்டுதான் அவர் 'சீசன் பால்' என்று இங்கே சொல்லப்படும் தோல் பந்தை எதிர்கொள்கிறார். சுமார் 160 கிராம் எடையுள்ள அந்தப் பந்துக்கு, ஆடுபவர் இந்தியாவுக்கு ஆடுகிறாரா, பேட்டையின் அணிக்கு ஆடுகிறாரா என்ற பேதம் கிடையாது.

விளையாட்டு வீரரின் தலையையும் மூட்டுகளையும் காக்கும் சாதனங்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வெகுவாக முன்னேறியிருக்கின்றன. ஆனால் அந்த முன்னேற்றம் பெரிய மைதானங்களின் வாயிற்கதவோடு நின்றுவிட்டது என்பதே நமது குறை.

இந்த முன்னேற்றம் என்ன விலை கொடுத்து வந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக் கொள்வது நல்லது. 1962 மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளில் பார்படாஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், இந்திய அணியின் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் தலையில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து தாக்கியது. மண்டை ஓடு உடைந்தது. உயிருக்குப் போராடிய அவருக்கு மேற்கிந்தியத் தீவுகள் அணியின் தலைவரான ஃபிராங்க் வொரெல்லே ரத்தம் கொடுத்தார். பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் ஜேகப் சாண்டி அவரது மண்டையில் உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தினார். அறுபது ஆண்டுகள் அந்தத் தகட்டைச் சுமந்திருந்த கான்ட்ராக்டருக்கு, 2022-ல் மும்பையில்தான் அதை அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் 28 வயதிலேயே அவரது டெஸ்ட் வாழ்வு முடிந்து போயிற்று.

அன்று கிரிக்கெட்டில் தலைக்கவசம் என்ற ஒன்றே இல்லை. 1977-ல் ஆஸ்திரேலியாவில் இங்கிலாந்து வீரர் டென்னிஸ் அமிஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் கவசம் போன்ற ஒன்றை அணிந்து ஆடினார். 1978 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப் டெஸ்ட் ஆட்டத்தில் அதை அணிந்த முதல்வரானார். அது நடந்த இடம், கான்ட்ராக்டர் அடிபட்ட அதே பிரிட்ஜ்டவுன் நகரம். கூடியிருந்தவர்கள் யாலப்பைக் கேலி செய்தார்கள். உயிரைக் காத்துக் கொள்வதைக் கோழைத்தனமாகக் கருதும் அந்த மனப்பான்மை நமது மைதானங்களில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

கவசம் வந்த பிறகும் அலட்சியம் உயிரைக் குடித்தது. 1998 பிப்ரவரியில் டாக்காவில், மட்டையாளருக்கு மிக அருகில் 'ஷார்ட் லெக்' இடத்தில் நின்ற ராமன் லாம்பா தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அந்த ஓவரில் சில பந்துகள்தானே பாக்கி என்று அவர் சொன்னதாக அப்போது செய்தி வந்தது. அந்தச் சில பந்துகளில் ஒன்று அவர் தலையைத் தாக்கியது. மூன்று நாட்களில் அவர் இறந்தார்.

2014 நவம்பரில் நடந்தது இதனினும் வேறு விதமானது. சிட்னியில் ஆடிக் கொண்டிருந்த ஆஸ்திரேலிய வீரர் ஃபிலிப் ஹியூஸ் தலைக்கவசம் அணிந்துதான் இருந்தார். எகிறி வந்த பந்து கவசம் முடிகிற இடத்துக்குக் கீழே, இடது காதுக்கு அடியில் கழுத்தில் பட்டது. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் கிழிந்து, இரண்டு நாட்களில் 25 வயது இளைஞர் மாண்டார். அதன் பிறகுதான் உற்பத்தியாளர்கள் கழுத்துக் காப்பு என்ற சிறிய துண்டைத் தீவிரமாக உருவாக்கினார்கள். தலைக்கவசத்தின் பின்விளிம்பில் மாட்டித் தொங்கவிடப்படும் நுரையும் பிளாஸ்டிக்கும் கலந்த துண்டு அது. ஆட்டக்காரர்கள் உடனே அதை ஏற்றுக் கொண்டார்களா? இல்லை. உறுத்துகிறது, மூச்சு முட்டுவது போலிருக்கிறது என்று ஸ்டீவன் ஸ்மித் போன்ற முன்னணி வீரர்களே தவிர்த்து வந்தார்கள். 2019-ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்மித்தின் கழுத்தில் பட்டு அவர் சாய்ந்தபோதும் அவர் அதை அணிந்திருக்கவில்லை. 2023 அக்டோபர் முதல் வேகப்பந்தை எதிர்கொள்ளும்போது கழுத்துக் காப்பு கட்டாயம் என்று ஆஸ்திரேலிய வாரியம் விதி செய்த பின்னரே எல்லோரும் அணிந்தார்கள். அந்த விதி பெரிய ஆட்டங்களோடு நின்றது. 2025 அக்டோபரில் மெல்போர்னில் வலைப் பயிற்சியில் ஈடுபட்டிருந்த 17 வயதுப் பையன் ஒருவன், தலைக்கவசம் அணிந்திருந்தும் கழுத்துக் காப்பு இல்லாமல், கழுத்தில் அடிபட்டு இறந்தான். வசதி மிகுந்த ஆஸ்திரேலியாவிலேயே இந்த நிலை!

பிள்ளைகளைக் கிரிக்கெட் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தலைக்கவசத்தின் வெளி ஓடு பந்தின் வேகத்தைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் நுரைதான் நசுங்கி அடியை வாங்கிக் கொள்கிறது. பலமான அடி பட்ட கவசம் வெளியே பார்க்க நன்றாக இருக்கலாம். நசுங்கிய நுரை பழைய நிலைக்கு வராது. அதைத் தூக்கி எறிவதே முறை. நடப்பதென்ன? பெரியவர்களுக்கு ஆகாதென்று ஒதுக்கப்பட்டது பையன்களுக்கு வந்து சேருகிறது. முகக் கம்பியின் இடைவெளி இன்னொரு முக்கிய விஷயம். 2014-ல் மான்செஸ்டரில் நமது வருண் ஆரோன் வீசிய பந்து, இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட் அணிந்திருந்த கவசத்தின் கம்பிக்கும் முன்விளிம்புக்கும் இடையே புகுந்து அவர் மூக்கை உடைத்தது. இத்தகைய இடைவெளியைச் சோதிப்பதற்காகவே 2013-ல் பிரிட்டிஷ் தர நிர்ணயம் திருத்தப்பட்டது. பி.எஸ். 7928 : 2013 என்ற அந்த எண் கவசத்தின் உள்ளே அச்சிடப்பட்டிருக்கும். சிறுவர்கள் ஆடும் பந்து அளவில் சிறியது. பெரியவர்கள் பந்தைத் தடுக்கும் கம்பி அதைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. தோபி தலாவ் கடைகளில் பேரம் பேசுவதற்கு முன் இந்த எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கவசம் மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுதும் தடுக்க முடியாது. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வேறொருவர் முழுமையாக ஆடலாம் என்று 2019 ஆகஸ்டில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் விதி செய்தது அதனால்தான். நமது மைதானங்களிலோ, முகத்தில் தண்ணீர் தெளித்து, “ஒன்றுமில்லை, ஆடு” என்று முதுகில் தட்டிக் கொடுக்கிறார்கள். அடிபட்டவர் அன்று மறுபடியும் ஆடக் கூடாது. தலைவலியோ வாந்தியோ மயக்கமோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தலைக்கு வருவது எப்போதோ ஒரு முறை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் வருவது வாராவாரம். பரேல், லால்பாக் பகுதிகளில் மராத்தி இளைஞர்களைப் போலவே நமது பிள்ளைகளும் விரும்பி ஆடும் கபடியை எடுத்துக் கொள்வோம். மண்ணில் கால் சறுக்கும். இப்போது பெரிய போட்டிகள் ‘மேட்’ மீது நடக்கின்றன. அதில் காலணி பற்றிக் கொள்கிறது. உடல் திரும்புகிறது, பாதம் திரும்புவதில்லை. அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நாரின் மீது இறங்கி அதை அறுக்கிறது. கடையில் விற்கும் இழுவைத் துணி ‘நீ கேப்’ இதைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது மூட்டுக்குச் சூடும் ஒரு தைரியமும் தரும். விழும்போது சிராய்ப்பைக் குறைக்கும். நார் அறுவதைத் தடுக்கும் வலிமை அதற்குக் கிடையாது. கணுக்கால் காப்பின் விஷயம் வேறு. ஏற்கெனவே சுளுக்கு ஏற்பட்டவர் கட்டிக் கொண்டால் மறுபடி சுளுக்குவது குறைகிறது என்பது ஆய்வுகளில் நிரூபணமான உண்மை. முழங்காலைப் பொறுத்தவரை, ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் முறையாகச் செய்யும் பயிற்சி, காசு கொடுத்து வாங்கும் எந்த உறையையும் விட மேலானது. அதற்குச் செலவும் இல்லை.

முழங்கால் நார் அறுந்து அறுவைச் சிகிச்சை செய்து கொண்டவர் மறுபடி களத்தில் இறங்கச் சுமார் ஒன்பது மாதங்கள் ஆகும். குமாஸ்தா சில வாரங்களில் தமது நாற்காலிக்குத் திரும்பி விடலாம். சுமை தூக்குபவரும் நின்று கொண்டே இயந்திரம் ஓட்டுபவரும் என்ன செய்வார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பட்ட காயம் வேலையில் பட்ட காயமாகாது. எனவே ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் வேலைக் காயத்துக்குரிய 90 சதவீத உதவித்தொகை கிடைக்காது. நோய்க்கால உதவியாக 70 சதவீதச் சம்பளம், அதுவும் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை மட்டுமே கிடைக்கும். அதற்கும் முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். தினக்கூலிக்காரருக்கு அதுவும் இல்லை. ஊரிலிருந்து மணியார்டரை எதிர்பார்த்திருந்த குடும்பம், பின்னர் வங்கிக் கணக்கை எதிர்பார்க்கும் குடும்பமாக மாறிவிட்டது. ஆனால் இங்கே ஒரு முழங்கால் மடங்கினால் அங்கே அடுப்பு அணைவது மட்டும் மாறவில்லை.

இதற்கெல்லாம் யார் செலவு செய்வது என்ற கேள்வி எழும். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைமையகம் வான்கடே மைதானத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஓவல் மைதானம் நடந்து செல்லும் தூரம்தான். உலகிலேயே செல்வம் மிகுந்த கிரிக்கெட் வாரியம் அது. மைதானத்துக்குச் சில தலைக்கவசங்கள், அவற்றுடன் கழுத்துக் காப்புகள் என்று வழங்குவது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. வாரியமும் மும்பை கிரிக்கெட் சங்கமும் இதை மறுக்க நியாயமான காரணம் எதுவும் நமக்குத் தெரியவில்லை.

ஆனால் அவர்கள் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பொங்கலை ஒட்டியும் கோயில் விழாக்களை ஒட்டியும் நமது சங்கங்களும் மன்றங்களும் தாராவி, சயான், செம்பூர் பகுதிகளில் போட்டிகள் நடத்துகின்றன. ஆளுயரக் கோப்பைக்கும், பிரமுகருக்குப் போர்த்தும் சால்வைக்கும், ஒலிபெருக்கிக்கும் நன்கொடை தாராளமாக வசூலாகிறது. தோல் பந்தில் ஆட்டம் நடத்துபவர்கள் அந்த வசூலிலிருந்து முதலில் வாங்க வேண்டியது வெவ்வேறு அளவில் நான்கு நல்ல தலைக்கவசங்களும், அவற்றில் மாட்டும் கழுத்துக் காப்புகளுமே. அதற்கு மனமில்லாதவர்கள் டென்னிஸ் பந்தில் ஆட்டத்தை நடத்தட்டும். கவசம் இல்லாமல் மட்டை பிடிக்க வருபவரை, அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும், நடுவர் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதைப் போட்டியின் துண்டறிக்கையிலேயே முதல் விதியாக அச்சிட வேண்டும்.