இரண்டு கடைகள், ஒரு சைக்கிள்

சில மாதங்களுக்கு முன்பு சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தபோது, நெடுநாள் நண்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். முகத்தில் கவலை தெரிந்தது. பெண்ணுக்கு வரன் பார்ப்பது பற்றியோ, ஊரில் உள்ள நிலத்தைப் பற்றியோ ஆலோசனை கேட்கப் போகிறார் என்று எண்ணினோம். அவர் சொன்னதோ வேறு. “பையன் சைக்கிள் வாங்கவேண்டும் என்கிறான். ஐம்பதாயிரம் ரூபாய் ஆகுமாம். நீங்கள் ஒருமுறை வந்து பார்த்து, ஒரு வார்த்தை சொல்லவேண்டும்” என்றார்.

சைக்கிளுக்கு ஐம்பதாயிரமா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் நம்மில் பலர் இருக்கக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் அது தந்தையின் பணமன்று. பிள்ளை நொய்டாவில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. வீட்டுச் செலவுக்குக் கொடுத்தது போக, மாதந்தோறும் மிச்சம் பிடித்த முதல் சேமிப்பு அது. மயூர் விஹாரிலிருந்து அலுவலகம் போய்வர நாளொன்றுக்கு 28 கிலோமீட்டர். ஞாயிறு விடியலில் நண்பர்களோடு நெடுந்தூரம் செல்லவேண்டும் என்ற ஆசையும் உண்டு. அதற்கேற்ற, வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட ‘ரோடு பைக்’ வகையில் இரண்டு கடைகளில் இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருந்தான். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. எதை வாங்குவது என்பதே கேள்வி.

நம் தலைமுறைக்கு இத்தகைய குழப்பம் நேர்ந்ததில்லை. டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் அம்பத்தூரில் தோன்றியது. ஹீரோ 1956இல் லூதியானாவில் தோன்றியது. எந்த ஆலையிலிருந்து வந்தாலும் அன்றைய கறுப்பு வண்டிகளின் அமைப்பு ஒன்றுதான். உயரத்துக்கேற்ப இத்தனை அங்குலம் என்று கேட்டால் போதும். கெட்டுப் போனால் தெருமுனையில் மரத்தடிக் கடைக்காரர் பெண்டு எடுத்து, பால்ரஸ் மாற்றிக் கொடுத்துவிடுவார். இன்றைய ரோடு பைக் அத்தனை எளியதன்று.

பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வண்டிகளின் விவரங்களையும் எதிரெதிரே எழுதி வைத்திருந்தான். அவன் முறையைப் பாராட்டினோம். இரண்டுக்கும் அலுமினிய பிரேம்; முன்பக்கம் கார்பன் போர்க். இரண்டுக்கும் 700 என்னும் அளவுள்ள சக்கரம். பெடலோடு சுழலும் பல்சக்கரங்களில் இரண்டுக்கும் 50 பல்லும் 34 பல்லும். பின்னால் இரண்டுக்கும் எட்டு கியர். ஷிமானோ நிறுவனத்தின் ‘கிளாரிஸ்’ வகை. எடையும் ஒன்றே போல, பத்தரைக் கிலோ.

வேற்றுமைகள் மூன்றே. முதல் வண்டியின் டயர் 25 மில்லிமீட்டர் அகலம், இரண்டாவது 28. முதல் வண்டியின் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் 28 பற்கள், இரண்டாவதில் 32. முதல் வண்டியின் விலை தள்ளுபடி போக 49,500 ரூபாய்; இரண்டாவது 52,000.

இவற்றைச் சற்று எடைபோட்டுப் பார்த்தோம். அகலமான டயரில் காற்றைச் சிறிது குறைத்து அடிக்கலாம். குண்டும் குழியுமான சாலையில் கைக்கும் முதுகுக்கும் அதிர்ச்சி குறையும். எனினும் பிரேமில் இடமிருந்தால் டயரைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். முன்னே 34, பின்னே 28 என்றால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் 1.21 சுற்றுச் சுற்றும். பின்னே 32 என்றால் 1.06 சுற்று, ஆகவே மேடேறுவது எளிது. ஆனால் டில்லியில் மேம்பாலங்களை விட்டால் மேடு எங்கே? நைனிதால் பக்கம் போனால்தான் இந்த வேற்றுமை காலுக்குத் தெரியும். ஆக, காகிதத்தில் பார்த்தால் 2,500 ரூபாய் மிச்சமாகும் வண்டியே மேல் என்றுதான் தோன்றியது. காகிதம் சொல்லாததைப் பார்ப்பதற்காக ஒரு சனிக்கிழமை மூவரும் புறப்பட்டோம்.

முதற்கடை அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கண்ணாடிச் சுவர், பளிச்சென்ற விளக்கு, மரியாதையான சிப்பந்தி. வண்டியோடு விளக்கும் பூட்டும் இலவசம் என்றார். பையன் அதன் அருகே நின்ற நிலையிலேயே அவன் மனம் அதில் பதிந்துவிட்டதைக் கண்டோம். வண்டியின் மேற்குழாய் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரம். பையனின் உயரம் 167. அவன் வண்டியின் இருபுறமும் காலூன்றி நிற்க முயன்றபோது குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. பிரேமின் அளவு என்ன என்று கேட்டோம். 56 என்றார் சிப்பந்தி. “இதுதான் கடைசி வண்டி, சார், அதனால்தான் தள்ளுபடி. சீட்டை இறக்கி முன்னால் தள்ளிவிட்டால் சரியாகிவிடும்.” சிறிய அளவு வருமா என்றோம். அந்த மாதிரி தீர்ந்துவிட்டது, இனி வராது என்றார்.

நண்பர் நம் காதருகே, “நாமெல்லாம் வாடகைச் சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுக் கற்றவர்கள்தானே! அப்போது யார் அளவு பார்த்தார்கள்?” என்றார். நாம் அங்கே பதில் சொல்லவில்லை.

இரண்டாவது கடை ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில் இருந்தது. கரோல்பாகில் வசித்த நம்மவர் பலருக்கு அந்தச் சந்தை பழக்கமானது. சிறிய கடை. உட்கார நாற்காலி இல்லை. முதிய மெக்கானிக் ஒருவர் வண்டியைக் காட்டவே இல்லை. பையனைச் “பேட்டா, செருப்பைக் கழற்று” என்று சொல்லிச் சுவரோரம் நிறுத்தினார். கால்களுக்கிடையே ஒரு தடித்த கணக்குப் புத்தகத்தை மேலே முட்டும்வரை உயர்த்தி, அதன் விளிம்பிலிருந்து தரைவரை டேப்பால் அளந்தார். 78 சென்டிமீட்டர். அதை 0.883ஆல் பெருக்கினார். 68.9 வந்தது. பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய உயரம் ஏறத்தாழ அது என்றும், இவனுக்கு 52 அளவுள்ள பிரேமே பொருந்தும் என்றும் இந்தியில் விளக்கினார். அது இப்போது கடையில் இல்லை. கிடங்கிலிருந்து வரப் பத்து நாளாகும் என்றார்.

அவர் பேசிக்கொண்டே வேறொரு வண்டியை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோதுதான் ஓர் உண்மை நமக்கு விளங்கிற்று. இத்தகைய வண்டி ஆலையிலிருந்து முழுமையாக வருவதில்லை. முன்சக்கரம், கைப்பிடி, பெடல், சீட்டு ஆகியவற்றைப் பூட்டுவதும், பிரேக்கையும் கியரையும் திருத்தி அமைப்பதும் கடையில்தான். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். தெரியாமல் முறுக்கினால் மரை நசிந்து கிராங்கே பாழாகும். கார்பன் பாகங்களைப் பிடிக்கும் போல்ட்டை இவ்வளவுதான் முடுக்கவேண்டும் என்று அதிலேயே எண் பொறித்திருக்கும். மிகைப்பட்டால் விரிசல் விடும், குறைந்தால் நழுவும். அவர் அந்த அளவைக் காட்டும் முடுக்கியைக் கொண்டே முடுக்கினார். ஒரு மாதம் ஓடியபின் கேபிள் தளரும், ஸ்போக்ஸ் கம்பிகள் இடம் கொள்ளும். அப்போது வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். முதற்கடையில் இதே வேலையை யார் செய்வார் என்று நாம் கேட்டிருந்தோம். மெக்கானிக் வாரத்தில் இரண்டு நாள் வருவார் என்பது விடை.

ஜண்டேவாலானிலிருந்து மயூர் விஹாருக்கு மெட்ரோவின் நீலத் தடத்தில் வண்டி மாறாமலே திரும்பலாம். வழியில் பையன் பேசவில்லை. கண்ணாடிக் கடையின் வண்டியும், இன்றே வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதும் அவனை இழுத்தன. தந்தையை 2,500 ரூபாய் இழுத்தது. அப்போதுதான் குரங்கு பெடலுக்கான நம் பதிலைச் சொன்னோம்.

1994இல் நாம் ராமகிருஷ்ணபுரத்தில் சர்க்கார் குடியிருப்பில் இருந்தோம். பெண்ணுக்குப் பதினொரு வயது. பள்ளிக்குச் செல்ல சைக்கிள் கேட்டாள். கடைக்காரர் சிறிய வண்டியைக் காட்டினார். “வளரும் பிள்ளை, இரண்டு ஆண்டில் மாற்ற வேண்டிவரும். பெரியதாகவே கொடுங்கள், கல்லூரி வரை ஓட்டட்டும்” என்று சொல்லி 22 அங்குல வண்டியை வாங்கினோம். பள்ளிச் சீருடையை ஒரு பிடி பெரிதாகத் தைத்து மடித்துவிடும் குடும்பங்கள் நாம். அதே கணக்கைச் சைக்கிளுக்கும் போட்டோம். மூன்றாம் மாதம் ஒரு திருப்பத்தில் எதிரே ஆட்டோ வந்தது. நிறுத்திக் காலூன்றப் பார்த்தாள், கால் எட்டவில்லை. வண்டியோடு சாய்ந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் அவள் அதன்பின் சைக்கிளைத் தொடவில்லை. இன்றுவரை தொடவில்லை. தன்மீதுதான் பிழை, தனக்குத்தான் ஓட்ட வரவில்லை என்றே அவள் நெடுங்காலம் நம்பினாள். நாமும் அவளைத் திருத்தவில்லை. அந்த வண்டி நான்காண்டு மாடிப்படியின் கீழ் நின்று, பின்னர் பால்காரர் வீட்டுக்குப் போயிற்று.

குரங்கு பெடல் போட்டது அரைமணி நேர வாடகை வண்டியில். விழுந்தால் மணலில் விழுந்தோம். இவன் ஓட்டப்போவது நாள்தோறும் 28 கிலோமீட்டர், லாரிக்கும் பேருந்துக்கும் இடையில். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். பிரேமின் நீளத்தைக் குறைக்க இயலாது. கை எட்டாத வண்டியில் தோளும் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். சீட்டை அளவுக்கு மீறி இறக்கினால் முழங்கால் வருந்தும். ஆறு மாதத்தில் வண்டி மூலையில் நிற்கும். பிள்ளை தனக்கு இது சரிவராது என்று எண்ணிக்கொள்வான். மிச்சமான 2,500 ரூபாய் 49,500 ரூபாயைப் பாழாக்கும். இதைச் சொல்லி முடித்தோம். முடிவு அவனுடையது என்றும் சொன்னோம், பணம் அவனுடையது அன்றோ?

மயூர் விஹார் வருவதற்குச் சற்று முன்பு அவன், “பத்து நாள்தானே, மாமா. காத்திருக்கிறேன்” என்றான்.

முதற்கடையை நாம் குறை கூறவில்லை. அங்கே 52 அளவு இருந்திருந்தால், நன்றாகப் பூட்டித் தருவதற்கு ஆளும் இருந்திருந்தால், அங்கேயே வாங்கச் சொல்லியிருப்போம். கூப்பிடு தூரத்தில் ஒரு கடை இருப்பது பெரிய சௌகரியம். தலைக்கவசத்தையும் முன்பின் விளக்குகளையும் டியூபுகளையும் அவன் அந்தக் கடையிலேயே வாங்கினான். அவசரத்துக்குப் பங்க்சர் ஒட்ட அங்கேதானே போகவேண்டும்?

பணம் கட்டும் நாளில் இன்னும் இரண்டைக் கவனித்தோம். ஒன்று ரசீது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. ஆகவே ரசீது இல்லாமல் மலிவாகத் தருகிறோம் என்று எவரேனும் சொன்னால் அதில் மிச்சமாவது அற்பம். ரசீதில் பிரேமின் எண் எழுதியிருந்தால்தான் பின்னாளில் உத்தரவாதம் கேட்கவும், களவு போனால் போலீசில் எழுதிக் கொடுக்கவும் முடியும். மற்றொன்று, முதல் சர்வீஸ் இலவசம் என்பதை வாய்வார்த்தையாக விடாமல் ரசீதின் பின்னால் எழுதி வாங்கியது. மொழி வேறான ஊரில் வாழும் நமக்கு எழுத்தே துணை.

பத்து நாள் பதினான்கு நாளாயிற்று. பையன் முணுமுணுத்தான். வண்டி வந்தது, பொருந்திற்று. இப்போது இரண்டு மாதமாக ஓட்டுகிறான். காற்று கெட்ட நாட்களில் மட்டும் மெட்ரோவில் போகிறான். சென்ற ஞாயிறன்று இந்தியா கேட் வரை போய்விட்டு வியர்வையோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். காப்பி கொடுத்து அனுப்பினோம்.

அன்றிரவு புனேயில் இருக்கும் பெண்ணிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னோம். அந்த வண்டி அவளுக்குப் பெரியது, பிழை எம்முடையது என்பதையும் முதன்முறையாகச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “அந்தப் பையனுக்குக் கால் எட்டுகிறதா, அப்பா?” என்று கேட்டாள். எட்டுகிறது என்றோம்.

பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கும் அன்பர்கள் இவற்றை நினைவில் கொள்வார்களாக: விலைப் பட்டியலைப் பார்க்குமுன் பிள்ளையின் காலை அளந்துகொள்ளுங்கள். வண்டியின் குறுக்கே நிற்கவைத்து இரு பாதமும் தரையில் படிகின்றனவா என்று பாருங்கள். பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்க்க விடுங்கள். பூட்டித் தருபவர் யார், ஒரு மாதம் கழித்தும் அவர் அங்கே இருப்பாரா என்று கேளுங்கள். இத்தனைக்கும் நல்ல விடை இரண்டு கடையிலும் கிடைத்தால், அப்போது விலை குறைந்ததை வாங்குங்கள்.